வெட்டி எடுத்தபின் கண்ட நோய்

நேயர்களே, குடல்வால் என்னும் சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு ஒரே ஒரு நோய்தான் நினைவுக்கு வரும். வயிற்றின் வலப்புறம் கீழே திடீரென்று ஒரு வலி, குமட்டல், காய்ச்சல், நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட்டம், மறுநாள் பழங்களுடன் வந்து நலம் விசாரிக்கும் உறவினர் கூட்டம். தையலைப் பிரித்ததும் கதை முடிந்துவிடுகிறது. அந்த அழற்சி நோயைப் பற்றி நாம் இன்று பேசப் போவதில்லை. அதே சிற்றுறுப்பில் மிக அரிதாகத் தோன்றும் கட்டிகளைப் பற்றியும், மருத்துவ உலகம் அவற்றைக் கண்டுகொண்ட வரலாற்றைப் பற்றியுமே சில செய்திகளைக் கூற விரும்புகிறோம்.

அரிது என்றோம். அழற்சிக்காக வெட்டி எடுக்கப்படும் குடல்வால்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஏதேனும் ஒரு கட்டி காணப்படுகிறது என்பது பொதுவான கணக்கு. உறுப்போ சுண்டுவிரலை ஒத்தது. நீளம் எட்டு அல்லது ஒன்பது சென்டிமீட்டர். அதன் நுனியில் மிளகளவோ கடலையளவோ ஒரு கட்டி இருந்தால் அது வலிப்பதில்லை, கைக்குத் தட்டுப்படுவதுமில்லை. ஆகவே, நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து நாடி பார்த்தும் வயிற்றைத் தடவியும் நோயை ஊகித்த பெரு மருத்துவர்கள் எவரும் இவ்வரலாற்றின் நாயகர்கள் அல்லர். வெட்டி எடுத்து எறியப்பட இருந்த ஒரு துண்டுத் தசையை எறியாமல் வைத்து, இன்னொரு முறை பார்த்தவர்களே இதன் நாயகர்கள்.

உறுப்பையே மனிதன் நெடுங்காலம் அறியாதிருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழங்கால மேனாட்டு மருத்துவத்தின் பேராசானாகிய காலென் குரங்குகளை அறுத்துப் பார்த்து உடற்கூறு எழுதியவர். அவர் அறுத்த குரங்கினத்திற்குக் குடல்வால் கிடையாது. எனவே அவர் நூலிலும் அது இடம் பெறவில்லை. அவரையே வேதமாகக் கொண்டவர்களின் நூல்களிலும் இடம் பெறவில்லை. லியனார்டோ டா வின்சி தம் ஏடுகளில் அதனை வரைந்து வைத்தார். ஆனால் அவ்வேடுகள் நெடுங்காலம் அச்சேறாமலே கிடந்தன. 1521-ஆம் ஆண்டில் இத்தாலியரான பெரெங்காரியோ டா கார்ப்பி அதனை எழுத்தில் விவரித்தார். 1543-இல் வெசேலியஸ் வெளியிட்ட பெருநூலின் படங்களில் அது தெளிவாகவே காணப்பட்டது. 1735-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இலண்டன் நகரத்தில் கிளாடியஸ் அம்யாண்டு என்ற அறுவை மருத்துவர், பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தை அறுத்தபோது, அதனுள்ளே குண்டூசி குத்தித் துளைத்திருந்த குடல்வாலைக் கண்டு வெட்டி எடுத்தார். வரலாற்றில் பதிவாகிய முதல் குடல்வால் அறுவை அதுவே. மயக்க மருந்து இல்லாத காலம். சிறுவன் பிழைத்தான்.

அதன் பின்னும் நூற்றைம்பது ஆண்டுகள் வரை வலப்புற வயிற்று வலிக்குக் குற்றவாளியாகக் கருதப்பட்டது பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள குருட்டுக்குடலே. வாலின்மீது எவரும் பழி சுமத்தவில்லை. 1886-ஆம் ஆண்டில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரெஜினால்டு ஃபிட்ஸ் என்பவர், குடல்வால் துளைபட்ட 257 நோயாளிகளின் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து, நோயின் வேர் வாலில்தான் உள்ளது என நிறுவினார். நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயரும் இட்டார். ஃபிட்ஸ் கத்தி பிடித்தவர் அல்லர், நோயியல் பேராசிரியர். இறந்தோரின் உடலையும் வெட்டி எடுத்த உறுப்பையும் ஆராய்வதே அவர் தொழில்.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு சொல். இலத்தீன் தலையும் கிரேக்க வாலும் கொண்ட அச்சொல்லை அக்காலப் புலவர்கள் விரும்பவில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் உரிய பகுதி 1885-இல் வெளிவந்தபோது அச்சொல் அதில் இல்லை. 1902-ஆம் ஆண்டு ஜூன் மாதம், முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு அதே நோயால் படுத்தார். விழா ஒத்திவைக்கப்பட்டது, உலகெங்கும் அச்சொல் செய்தித்தாள்களில் அடிபட்டது, அகராதியிலோ அதைக் காணோம்! மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்? நம் பங்குக்கு நாம் நேரிய சொல்லையே பெற்றிருக்கிறோம். ஆங்கிலேயர் புழுவை நினைத்துப் பெயரிட்டனர். தமிழர் வாலை நினைத்தனர். இந்தியிலும் உண்டுக புச்சம் என்று வாலாகவே வழங்குகிறது.

மன்னருக்குச் சிகிச்சை செய்த சர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ் சீழ்க்கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றினார், குடல்வாலை எடுக்கவில்லை. மன்னர் தேறி ஆகஸ்டு 9-ஆம் நாள் முடிசூடினார். அந்தக் குடல்வால் எட்டாண்டுகளுக்குப் பின் மன்னரோடே மண்ணுக்குச் சென்றது. இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இறுதியில் இதற்குத் திரும்பி வருவோம்.

ஃபிட்ஸின் கட்டுரைக்குப் பின் குடல்வாலை வெட்டுவது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. வெட்டிய உறுப்புகள் நோயியல் கூடங்களுக்கு ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. அவற்றை மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது ஒரு புதிர் எழுந்தது. சிலவற்றின் நுனியில் மஞ்சள் நிறமான சிறு கட்டிகள் இருந்தன. நுண்ணோக்கியில் அவை புற்று போலவே தோன்றின. மருத்துவ ஏடுகள் குடல்வாலில் புற்று என்று அறிவித்தன. ஆயினும் அந்நோயாளிகளிற் பலர் இளவயதினர். அறுவைக்குப் பின் எந்தக் குறையுமின்றி வாழ்ந்தனர். புற்றுநோய் வந்தவர் இப்படி வாழ்வதை அக்கால மருத்துவம் அறிந்ததில்லை. அப்படியானால் இது என்ன?

விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. 1888-இல் ஓட்டோ லுபார்ஷ் என்பவர், இறந்தோர் இருவரின் சிறுகுடலில் இத்தகைய கட்டிகளைக் கண்டு எழுதியிருந்தார். 1907-ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து நோயியல் அறிஞர் சீக்ஃபிரீடு ஓபெர்ன்டோர்ஃபர், டிரெஸ்டன் நகரில் கூடிய ஜெர்மன் நோயியல் கழகத்தின் முன் சிறுகுடலில் தாம் கண்ட சிறு கட்டிகளைப் பற்றிப் பேசினார். இவை புற்று போல் தோன்றுகின்றன, ஆனால் புற்றுப் போல் நடந்துகொள்வதில்லை. மெல்ல வளர்கின்றன, எல்லை தாண்டுவதில்லை, பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை என்பது அவர் கருத்து. புற்று அன்று, புற்றை ஒத்தது என்ற பொருளில் கார்சினாய்டு என்று பெயரிட்டார். குடல்வாலில் கண்ட கட்டிகளும் இவ்வினத்தவையே என்பது விரைவில் தெளிவாயிற்று. ஒரு சொல்லால் பல நோயாளிகளின் தலைமேல் தொங்கிய வாள் இறக்கி வைக்கப்பட்டது.

எனினும் அப்பெயர் முழு உண்மையன்று. இதனை முதலில் உலகறியச் செய்தவர்களில் ஒருவர் யாரென்றால், பெயரிட்டவரே! மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் இத்தகைய கட்டிகளை ஆராய்ந்தபின், 1929-இல் குடற்கட்டிகளைப் பற்றிய பெரிய கையேடு ஒன்றில் எழுதுகையில், தாம் கண்ட 36 கட்டிகளைக் கணக்கில் கொண்டு, இவற்றுள் சில கொடியனவாக மாறக்கூடும், பரவவும் கூடும் என்று ஓபெர்ன்டோர்ஃபர் எழுதினார். தம் பெயரைத் தாங்கி நின்ற கொள்கையைத் தாமே திருத்திக்கொள்ளும் அறிஞர் எத்துணைப் பேர் இருப்பார்? நாம் அலுவலகங்களில் ஒரு குறிப்பைத் திருத்தச் சொன்னாலே முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். நான்காண்டுகளுக்குப் பின், 1933-இல், அவர் யூதர் என்ற காரணத்தால் மியூனிக் மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். துருக்கி நாடு அவருக்கு இடம் கொடுத்தது. இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் நோயியல் துறையை நடத்தி, 1944-இல் அங்கேயே மறைந்தார்.

இதற்கிடையில் பாரிஸ் நகரில் வேறொரு வழியில் ஆராய்ச்சி நடந்தது. 1914-இல் பியேர் மசோன் என்ற நோயியல் அறிஞரும் அந்தோனென் கோசே என்ற அறுவை மருத்துவரும் குடல்வால் கட்டிகளின் சீவல்களை வெள்ளி உப்புக் கரைசலில் இட்டுப் பார்த்தனர். கட்டியின் உயிரணுக்களில் இருந்த மணிகள் வெள்ளியை ஈர்த்துக் கறுத்தன. ரஷிய அறிஞர் குல்சிட்ஸ்கி குடலின் உட்சுவரில் ஏற்கெனவே கண்டிருந்த சில தனிவகை உயிரணுக்களும் வெள்ளியில் இவ்வாறே கறுக்கும். ஆகவே இவை சுரப்பு நீரை உண்டாக்கும் உயிரணுக்களிலிருந்து தோன்றிய கட்டிகள் என்று இருவரும் கூறினர். புகைப்படத் தகட்டைக் கறுக்கச் செய்யும் வெள்ளியே ஒரு நோயின் பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுத்தது. அவர்கள் கூற்று சரி என்பதற்கு இரசாயனச் சான்று கிடைக்க மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. 1953-இல் ஆஸ்திரிய அறிஞர் லெம்பெக் கார்சினாய்டுக் கட்டி ஒன்றில் செரட்டோனின் என்னும் பொருளைக் கண்டார். அடுத்த ஆண்டே சுவீடன் மருத்துவர்கள், கட்டி கல்லீரலுக்குப் பரவிய நோயாளிகளின் முகம் திடீர் திடீரெனச் சிவப்பதையும், வயிற்றுப்போக்கையும், இருதய வால்வுகளின் சீர்கேட்டையும் ஒரே நோயின் கூறுகளாக இணைத்து விவரித்தனர். சிறுநீரில் செரட்டோனினின் கழிவை அளந்து நோயை அறியும் சோதனையும் அந்தப் பத்தாண்டிலேயே வந்தது. ஆனால் குடல்வாலில் தோன்றும் கட்டிகள் இந்த அறிகுறிகளைக் காட்டுவது மிக மிக அரிது. ஆகவே குடல்வாலைப் பொறுத்தவரை, வெட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இன்னும் பிறக்கவில்லை.

வெட்டிப் பார்ப்பதிலும் எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்க மருத்துவர் காலின்ஸ் என்பவர் நாற்பதாண்டு காலம் குடல்வால்களையே ஆராய்ந்து, 71,000 மாதிரிகளைப் பற்றிய இறுதி அறிக்கையை 1963-இல் வெளியிட்டார். அவருடைய கட்டுரையைத் தேடிப் படிப்பவர் இன்று சிலரே. ஆயினும், அரிய நோயை அறிய அவ்வளவு பெரிய குவியலைக் கிளறத்தான் வேண்டியிருக்கிறது.

1987-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து மோர்ட்டெல் என்பவரும் அவர் தோழர்களும் 150 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். கட்டி 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்த 127 பேரில் ஒருவருக்கும் அது பரவவில்லை. 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை இருந்த 14 பேரில் மூவருக்கும், அதற்கு மேற்பட்ட 9 பேரில் நால்வருக்கும் பரவியிருந்தது. ஓபெர்ன்டோர்ஃபர் 1907-இல் சொன்னதும் உண்மை, 1929-இல் சொன்னதும் உண்மை என்பதை இந்த எண்கள் காட்டின. அளவே நடுவராக நின்றது. சிறு கட்டிக்குக் குடல்வாலை எடுத்தால் போதும். பெரிய கட்டிக்குக் குடலின் வலப்பகுதியையும் எடுக்க வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டிகளுக்கு என்ன செய்வது என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 2023-இல் ஐரோப்பாவின் பதினைந்து நாடுகளைச் சேர்ந்த 278 நோயாளிகளின் வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இவர்களுக்குப் பெரிய அறுவையால் ஆயுள் கூடவில்லை என்று கண்டனர்.

பெயரைப் பற்றி மீண்டும் பேசும்படி ஆகிறது, பொறுத்தருள்க. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுகாதாரச் சிற்றேட்டைத் தமிழாக்கும் வேலை நம் மேசைக்கு வந்தது. அதில் கார்சினாய்டு என்ற சொல் இருந்தது. புற்றுப்போலி என்று எழுதினோம். இலக்கணத்தில் போலி என்பதற்கு ஒத்தது என்ற பொருள் உண்டல்லவா? அதில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது. கைப்பிரதியைப் பார்வையிட்ட நோயியல் மருத்துவ அம்மையார் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து பணியாற்றுபவர், அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார். “போலி மருத்துவர், போலி நாணயம் என்று படித்துப் பழகியவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? பொய்யான புற்று, ஒன்றும் செய்யாது என்று மறு பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடுவார்கள். ஆங்கிலச் சொல்லாலேயே இந்தத் தொல்லை நேர்ந்ததால்தான் உலக சுகாதார நிறுவனம் பெயரை மாற்றிவிட்டது” என்றார். உண்மைதான். இப்போது இவற்றை நரம்புச் சுரப்பிக் கட்டிகள் என்ற பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். 1969-ஐ ஒட்டி விவரிக்கப்பட்ட, கிண்ண வடிவ உயிரணுக்கள் கொண்ட மற்றொரு குடல்வால் கட்டிக்கும் கார்சினாய்டு என்ற பின்னொட்டு ஐம்பதாண்டுகள் இருந்தது. அது உண்மையில் கொடியது. 2019-ஆம் ஆண்டின் பாகுபாட்டில்தான் அதனைத் தெளிவாகப் புற்று என்று மாற்றி எழுதினர். நாம் புற்றுப்போலியை அடித்துவிட்டோம்.

இனி, இரண்டாவது கதை. இது சீதத்தின் கதை.

குடலின் உட்சுவர் வழவழப்பான சீதத்தைச் சுரக்கும் இயல்புடையது. குடல்வாலின் வாய் அடைபட்டாலோ, சீதம் சுரக்கும் உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகினாலோ, அந்தச் சீதம் உள்ளேயே தேங்கி, வால் ஒரு பையாக உப்பிவிடுகிறது. 1842-இல் இதனை முதலில் விவரித்தவர் வியன்னா நகரத்து கார்ல் ரோகிட்டான்ஸ்கி. தம் வாழ்நாளில் சுமார் 30,000 சடலங்களை அறுத்து ஆராய்ந்தவர் என்று புகழ் பெற்றவர் அவர். சீதப்பை உள்ளேயே இருக்குமட்டும் பெருந்தீங்கில்லை. அது வெடித்தால்தான் விபரீதம். உயிரணுக்கள் வயிற்றறை முழுவதும் சிந்தி, விழுந்த இடமெல்லாம் சீதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் வயிறு மெல்ல மெல்லப் பெருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே கூழ்!

1884-இல் ஜெர்மனியின் கீல் நகரத்து மகளிர் மருத்துவப் பேராசிரியர் ரிச்சர்டு வெர்த், ஒரு பெண்ணின் வயிற்றில் இத்தகைய கூழைக் கண்டார். அப்பெண்ணின் சினைப்பையிலும் சீதக் கட்டி இருந்தது. எனவே சினைப்பைக் கட்டி வெடித்ததன் விளைவு இது என்று கருதி, நோய்க்கு சூடோமிக்ஸோமா பெரிடோனி என்று பெயரிட்டார். கண்ணுக்கு எதிரே பெரிய சினைப்பைக் கட்டி இருக்கையில், மூலையில் சுருண்டு கிடக்கும் வாலை யார் பார்ப்பார்? 1901-இல் ஃபிரெங்கெல் என்பவர், குடல்வாலின் பை ஒன்றோடு தொடர்புடைய இதே நோயை விவரித்தார். ஆண்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆண்களுக்குச் சினைப்பை ஏது? இவ்வளவு எளிய வினா எழுந்தும், பெண்களைப் பொறுத்தவரை பழி சினைப்பையின்மீதே நூறாண்டுகள் நின்றது. சினைப்பையை எடுப்பார்கள், கூழை வடிப்பார்கள், குடல்வாலைப் பார்த்தாலும் பார்ப்பார்கள், பாராமல் விட்டாலும் விடுவார்கள். மீண்டும் வயிறு பெருக்கும்.

1991-ஆம் ஆண்டில்தான் யங், கில்க்ஸ், ஸ்கல்லி என்னும் மூவர், சினைப்பையிலும் குடல்வாலிலும் ஒருங்கே கட்டி இருந்த 22 பெண்களின் உறுப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டனர். இரண்டு கட்டிகளின் உயிரணுக்களும் ஒத்திருந்தன. சினைப்பைக் கட்டி பெரும்பாலும் இரு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது குடல்வால் இருக்கும் பக்கம். எனவே மூலம் குடல்வாலே, சினைப்பை அதன் வித்து விழுந்த வயல் என்று அவர்கள் வாதிட்டனர். பின்னர் உயிரணுப் புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் முறையும், மரபணு மாற்றங்களை ஒப்பிடும் முறையும் அவர்கள் முடிவை உறுதி செய்தன. இன்று பெண்களிடத்திலும் இந்நோயின் பெரும்பகுதி குடல்வாலில் தொடங்குவதாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே இத்தகைய சினைப்பைக் கட்டியை எடுக்கும் மருத்துவர் குடல்வாலையும் பார்த்தே தீர வேண்டும் என்பது விதியாயிற்று.

கீல் நகரத்தின் பெயர் இக்கதையில் இன்னொரு முறையும் வருகிறது. 1983-இல் அந்நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களை மட்டும் சுட்டிக்காட்டும் ஒரு பொருளைக் கண்டறிந்து, ஊர்ப்பெயரின் முதலெழுத்துகளையும் சோதனைத் தட்டின் குழி எண்ணையும் சேர்த்து, கேஐ 67 என்று பெயர் வைத்தனர். முன்பு கூறிய நரம்புச் சுரப்பிக் கட்டிகளின் தரத்தை இன்று இதனைக் கொண்டே வகுக்கின்றனர். நூறு உயிரணுக்களில் மூன்றுக்கும் குறைவாகப் பெருகினால் முதல் தரம். இருபது வரை இரண்டாம் தரம். அதற்கு மேல் மூன்றாம் தரம்.

சீதக் கட்டிக்குப் பலியானவர்களில் உலகம் அறிந்த ஒருவர் உண்டு. திரைப்பட நடிகை ஆட்ரி ஹெப்பர்ன், குழந்தைகள் நலத்திற்கான ஐக்கிய நாடுகளின் நிதியத்தின் நல்லெண்ணத் தூதராக 1992 செப்டம்பரில் பஞ்சத்தால் வாடிய சோமாலியாவுக்குச் சென்றார். திரும்பியபோது வயிற்று வலி. நவம்பர் மாதத் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் அறுவை செய்தபோதுதான், குடல்வாலில் தோன்றி வயிற்றறையில் பரவிய அரிய புற்று என்று தெரிந்தது. 1993 ஜனவரி 20-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் தம் இல்லத்தில் அவர் காலமானார். வயது 63. அறுவைக்கும் மறைவுக்கும் இடையே மூன்று மாதம் கூட இல்லை. அதே ஆண்டுகளில் வாஷிங்டன் நகரில் சுகர்பேக்கர் என்பவர், நோயுற்ற சவ்வு முழுவதையும் உரித்தெடுத்து, வயிற்றறையைச் சூடான மருந்து நீரால் கழுவும் முறையை வளர்த்து வந்தார். 2012-இல் பதினாறு மருத்துவ நிலையங்களில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 2,298 பேரின் கணக்கை வெளியிட்டபோது, நூற்றுக்கு 63 பேர் பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தனர். வெர்த்தின் காலத்தில் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அறுக்காமலே இக்கட்டிகளைக் காண முடியாதா என்ற கேள்வி நேயர்கள் மனத்தில் எழுந்திருக்கும். ஓரளவு முடியும். எக்ஸ்ரே படத்தில் சீதப்பையின் ஓரம் சில வேளை சுண்ணாம்பு படிந்த வளையமாகத் தெரியும். 1971-இல் இலண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன் நாளடைவில் வயிற்றுக்கும் வந்தது. 1986-இல் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் பூலார்ட், அல்ட்ராசவுண்டுக் கருவியால் வயிற்றை மெல்ல அழுத்திக் குடல்வாலைக் காணும் வழியைக் காட்டினார். சீதப்பை அதில் வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் அடுக்கடுக்காகத் தோன்றும் என்பர். வாலின் விட்டம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சி.டி. படம் பார்ப்பவர் சீதப்பையை ஐயுறுவார். குடலுக்குள் அகநோக்கியைச் செலுத்தினால், வாலின் வாய் எரிமலையின் முகடுபோல் மேடிட்டு நடுவில் குழிந்து காணப்படுவதும் உண்டு. ஆனால் நுனியில் உள்ள மிளகளவுக் கட்டி இவற்றுள் எதற்கும் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

இந்த இடத்தில் வரலாறு ஓர் எதிர்பாராத வளைவு வளைகிறது. நூறாண்டுகளுக்கு மேலாகக் குடல்வாலை வெட்டிக் கொண்டிருந்த மருத்துவம், இப்போது வெட்டாமலே அழற்சியைத் தணிக்கலாம் என்கிறது. 2015-இல் ஃபின்லாந்து மருத்துவர்கள், சிக்கலற்ற அழற்சி கொண்ட 530 பேரில் 257 பேருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து மட்டுமே கொடுத்துப் பார்த்ததன் முடிவை வெளியிட்டனர். ஓராண்டுக்குள் அறுவை தேவைப்பட்டவர்கள் நாலில் ஒருவர் அளவே. நல்ல செய்திதான். ஆனால் வெட்டாத குடல்வாலை நுண்ணோக்கியில் வைப்பது எப்படி?

அதே ஃபின்லாந்தில் வேறொரு சோதனையும் நடந்தது. குடல்வாலைச் சுற்றிச் சீழ்க்கட்டி உண்டாகி, மருந்தால் தேறியவர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குப் பின்னர் குடல்வாலை எடுப்பது, மற்றவர்களைப் படமெடுத்துக் கண்காணிப்பது என்பது திட்டம். ஏழாம் எட்வர்டு மன்னரின் நிலை இதுவே என்பதை நேயர்கள் உணர்ந்திருப்பர். அறுபது பேர் சேர்ந்த நிலையில், 2016-இல், சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டனர். எதிர்பாராத அளவுக்குக் கட்டிகள் தென்பட்டதால், கண்காணிப்புப் பிரிவினரை அப்படியே விட்டுவைப்பது அறமன்று என்று அவர்கள் கருதினர். 2019-இல் வெளிவந்த அறிக்கையின்படி அறுபதில் பன்னிருவருக்குக் கட்டி இருந்தது. பன்னிருவரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். சாதாரண அழற்சிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது; அங்கே பழைய நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். ஆயினும் நாற்பதைக் கடந்தவருக்குச் சீழ்க்கட்டி வந்து மருந்தால் ஆறினால், குடல்வாலைப் பின்னர் எடுத்துவிடுவதே நன்று என்று பல மருத்துவர்கள் இப்போது கூறுகின்றனர்.

நாமும் நாற்பதைக் கடந்தவர்களே. நமது குடல்வால் முன்னரே போய்விட்டது. தில்லியில் ஒரு மழைக்கால இரவில் அதனை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு சிறிய புட்டியில் பார்மலின் நீரில் இட்டு, நம் பெயரெழுதி ஒட்டி, சோதனைக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும்படி ஒரு சீட்டும் தந்தார்கள். தையல் பிரித்தாயிற்று, அலுவலகம் சென்றாயிற்று, சீட்டை மறந்தாயிற்று. ஏறக்குறைய இரண்டு மாதத்திற்குப்பின், மருத்துவச் செலவுக் கோரிக்கைக்கு வேண்டும் என்று கணக்குப் பிரிவினர் கேட்டபோதுதான் தேடிச் சென்றோம். சாளரத்தின் பின்னே இருந்த எழுத்தர் ஓர் அலமாரியைத் திறந்து, நூலால் கட்டிய தடித்த கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். “இவ்வளவும் வாங்காதவையா?” என்று கேட்டோம். “இது இந்தக் காலாண்டுக் கட்டு மட்டும்” என்றார். நம் தாளில் கடும் அழற்சி என்றும், கட்டி எதுவும் காணப்படவில்லை என்றும் இருந்தது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டோம். எழுத்தர் எஞ்சிய தாள்களை அடுக்கி, நூலைச் சுற்றி, மீண்டும் அலமாரியில் வைத்தார்.